நாற்பத்தொரு கிலோ

காலியாக நின்ற லிஃப்ட் பெட்டி நாற்பத்தொரு கிலோ என்று காட்டியது.

ஆபரேட்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் மூடிக் கிடந்துவிட்டு, திறந்து மூன்றாவது நாள்தான் ஆகியிருந்தது. புது வடம், புது பிரேக், புது ரப்பர் விரிப்பு. புது மாப்பிள்ளை மாதிரி நாலு நாள் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து எழுந்து வந்து பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நாலு பக்கமும் கண்ணாடி. ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பெருக்குகிறவர் மறந்துபோன வாளி இல்லை, யாரும் விட்டுப்போன மூட்டை இல்லை. விரிப்பைத் தூக்கி உதறி மறுபடி போட்டார். திரும்பி வந்து பார்த்தபோதும் சிவப்பு எண்கள் அப்படியே நின்றன.

அந்த ஊரில் கடைத்தெருவும் ஆபீசுகளும் மேட்டில், ரயில் நிலையம் பள்ளத்தில். இறங்கினால் முந்நூற்றுப் பன்னிரண்டு படி. ஏறும்போது அதுவே அறுநூறாகிவிடும் என்பார்கள். அதற்காகத்தான் சரிவோடு சரிவாகத் தண்டவாளம் போட்டு இந்தச் சாய்வு லிஃப்டை வைத்தார்கள். இருபது பேர், ஆயிரத்து ஐந்நூறு கிலோ. அதற்கு மேல் ஒரு குழந்தை ஏறினாலும் பீப் பீப் என்று கத்தும், கதவு மூடாது. மேலே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு பெட்டியைக் கீழே அனுப்புவதும் மேலே கூப்பிடுவதும் ஆபரேட்டர் வேலை. பதினேழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

காலையில் வந்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. எடை பார்க்கும் கருவி தூசிக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். அதனால் முதல் பயணத்துக்கு முன்னால் பெட்டியைக் காலியாக வைத்து, கதவை மூடி, ஜீரோ என்ற பட்டனை அழுத்துவார்கள். அந்த நிமிஷம் உள்ளே என்ன இருந்தாலும் மெஷின் அதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளும். அங்கேயிருந்து புதிதாக எண்ண ஆரம்பிக்கும்.

பழகின விரல் பட்டனுக்குப் போனது. அழுத்தினார். பூஜ்யம் வந்தது. பெட்டி முதல் ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே போய், வேறு ஆட்களோடு மேலே வந்தது. கடைசி ஆள் இறங்கினார். கதவு மூடியது.

நாற்பத்தொன்று.

அப்போதுதான் அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. வயது நாற்பத்தேழு, எடை நாற்பத்தொன்று. "பரவாயில்லையே, கல்யாணத்தப்போ இருந்த வெயிட்டுக்கு வந்துட்டேன்" என்று அவர் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவனுக்கு அங்கே ஸ்பேனர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். வந்தான், விரிப்பைக் கழற்றினான், படுத்துக்கொண்டு டார்ச் அடித்தான், நாலு மூலையிலும் மாறி மாறி ஏறி நின்றான்.

"எல்லாம் சுத்தமா இருக்குண்ணே. ஒரு கிலோ முன்னப் பின்ன கிடையாது."

"அப்போ இந்த நாப்பத்தொண்ணு எங்கேருந்து வருது?"

"யாராவது டிக்கெட் எடுக்காம உக்காந்திருப்பாங்க" என்று சிரித்தான். சிரித்த பிறகுதான் யாரிடம், எந்தப் பெட்டியை வைத்துச் சிரிக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் சுண்டிவிட்டது. "மன்னிச்சுக்கோங்கண்ணே. வாய் தவறிடுச்சு. அண்ணி ஞாபகமே இல்லாம..."

"விடு. நான் ஜீரோ போட்டுக்கறேன்."

ஆனால் போடவில்லை. அன்றைக்கும் போடவில்லை, மறுநாளும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்றால், அந்தப் பட்டனுக்கு எந்தப் புத்தகத்திலும் எழுதாத இன்னொரு உபயோகம் உண்டு. கூட்ட நேரத்தில், பெட்டியில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் சத்தமில்லாமல் ஜீரோவை அழுத்துவார். உள்ளே நிற்கிற அத்தனை பேரும் மெஷினுக்கு இல்லாமல் போய்விடுவார்கள். பிறகு இன்னும் நாலு பேர் ஏறினாலும் கத்தாது. 'கழிச்சு விடறது' என்று அதற்குப் பெயர். எல்லா ஷிப்டிலும் எல்லாரும் செய்வதுதான். ரயிலுக்கு ஓடிவருகிற சனம் வாழ்த்திவிட்டுப் போகும். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினேழு வருஷத்தில் ஒன்றும் ஆனதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள். மண்டையைப் பிளக்கிற வெயில். நாலு நாற்பது ரயிலில் அவர் மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஷிப்ட் மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. "நீ முன்னால போய் பிளாட்பாரத்துல உக்காரு. ஆள் வந்ததும் அடுத்த டிரிப்புல ஓடியாந்துடறேன்" என்றார். அவள் கடைசியாக ஏறினாள். பெட்டி கத்தியது. கடைசியாக ஏறியவர்தான் இறங்க வேண்டும்; அது அங்கே சட்டம். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடி வழியாகக் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, ஒரு காலை வெளியே எடுத்துவைத்தாள். பெட்டி போய்த் திரும்பி வர எட்டு நிமிஷம் ஆகும். எட்டு நிமிஷம் அவளால் நிற்க முடியாது. அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

ஜீரோவை அழுத்தினார்.

கத்தல் நின்றது. அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கத்தல் நின்றதைப் பார்த்து, வெளியே நின்றவர்களும் திபுதிபுவென்று ஏறினார்கள். எட்டுப் பேர். கதவு மூடியது. பெட்டி பாதிச் சரிவில், சரியாக நாலு இருபத்திரண்டுக்கு, ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது.

இயந்திர அறையிலிருந்து ஸ்பேனர் போனில் கேட்டான். "அண்ணே, உள்ள எவ்வளவு லோடு?"

சூப்பர்வைசர் அதற்குள் ஓடிவந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆபரேட்டரின் வாய் திறந்தது. "ஐந்நூத்தி இருபது காட்டுது" என்றார். காட்டியது அதைத்தான். அதுவரை ஏறியிருந்த இருபத்தொரு பேரை மெஷின் மறந்துவிட்டிருந்தது.

பாரம் மிஞ்சினால் பிரேக் தானாகப் பிடித்து நிறுத்தும்; ஐந்நூற்றிருபது கிலோவுக்குப் பிடிக்காது. அப்படியென்றால் வடத்தில்தான் கோளாறு. வடத்தை முழுக்கச் சோதிக்காமல் பெட்டியை அசைக்கக் கூடாது. சோதித்தார்கள். இன்டர்காமில் யார் யாரோ கத்தினார்கள். "சார், இங்க ஒரு அம்மாவுக்கு முடியலை சார்." அவர் இன்டர்காம் பட்டனை அழுத்தி, "கொஞ்சம் பொறுங்க, இப்போ சரியாயிடும்" என்றார். கேமராத் திரையில் தலைகள் மட்டும்தான் தெரியும். கதவோரம் அவளுடைய நீலத் துணி கட்டிய தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெரியவில்லை. உட்கார இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் அவருக்கு நிம்மதிகூட வந்தது.

நாற்பது நிமிஷம். ஐந்து இரண்டுக்குக் கதவு திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள். கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியின் அடியில், காற்றுக்கென்று ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருப்பார்கள். முகத்தை அதில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"ஓவர்லோடுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்று பதினாறாம் நாள் ஸ்பேனர் அழுதான். "பிரேக்கை மெல்லத் தளர்த்தி எறக்கியிருப்பேன். இந்தப் பாழாப்போன எடை மெஷின் பொய் சொல்லிடுச்சு." விசாரணையிலும் அதையேதான் எழுதினார்கள். எடைக் கருவி பழுது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் ஒரு முழு மனுஷியையே மறைத்துவிட்டார்.

அதனால்தான் இப்போது ஜீரோ போட முடியவில்லை. ஒருமுறை அவளை ஒன்றுமில்லை என்று ஆக்கியாயிற்று. மறுபடியுமா?

அந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் இருந்தார். காலையில் சீக்கிரம் வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். ஆள் குறைவான மத்தியான நேரங்களில் காலிப் பெட்டியை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றினார். பெட்டி மேலே வந்து கதவு திறக்கும்போது, அவள் நெற்றியில் தடவிக்கொள்கிற தைலத்தின் வாசனை ஒரு கணம் வந்து போயிற்று. இன்டர்காம் பட்டனை அழுத்தி, யாருக்கும் கேட்காமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருக்கு, தெரியுமா?" என்று மகளைப் பற்றிச் சொன்னார். கோபம் இருந்தால் வந்து உட்கார்வாளா? இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினவள். அவளுக்குத் தெரியாதா, எதற்காக அந்தப் பட்டனை அழுத்தினேன் என்று?

அடுத்த செவ்வாய்க்கிழமை, பேசிவிட்டுப் பட்டனிலிருந்து விரலை எடுத்தபோது, பதில் மாதிரி ஏதோ கேட்டது.

காதை ஒலிபெருக்கியிடம் கொண்டுபோனார். மூச்சு. அவருக்கு அடையாளம் தெரிந்த மூச்சு. இத்தனை வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட மூச்சு. முகம் தானாக மலர்ந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்கத்தான் அது சரியாக இல்லை என்று தெரிந்தது. உள்ளே இழுப்பது இரண்டு மூன்று துண்டாக இழுத்தது. வெளியே விடுவதே கேட்கவில்லை. நடுவில் ஒரு சின்னச் சத்தம், நகம் கண்ணாடியில் தட்டுகிற சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு ஒன்று. மூச்சு இன்னும் சின்னதாயிற்று. இன்னும் வேகமாயிற்று. அவர் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பத்தொன்பது.

ஐந்து இரண்டுக்கு நின்றது.

மறுநாள் நாலு இருபத்திரண்டுக்கு மறுபடி ஆரம்பித்தது.

அவள் அவரைத் தேடி வரவில்லை. அவருக்குத் துணையாக உட்காரவும் இல்லை. அந்த நாற்பது நிமிஷம் அவளுக்கு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். அவர் இங்கே இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டியா என்று கேட்கிற நேரமெல்லாம் அவள் அந்த விரற்கடை இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இது புரிந்ததும் அவர் செய்த முதல் காரியத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்டர்காமின் ஒலியைக் குறைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். வெளியூரில் வேலை, மறுநாள் நாலு நாற்பது ரயில். அம்மா போனதிலிருந்து அவள் லிஃப்டில் கால் வைத்ததில்லை. மழையானாலும் முந்நூற்றுப் பன்னிரண்டு படிதான்.

"பெட்டியை நான் லிஃப்ட்ல போட்டு எறக்கிடறேன்டா. கனமா இருக்கு."

"எதை வேணும்னாலும் பண்ணுங்க. நான் படியிலதான் வருவேன். அம்மாவைக் கொன்ன மெஷின்ல நான் ஏற மாட்டேன்."

அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடியை அமுக்கிக் கொடுத்தார். அவள் பூட்டினாள். பூட்டிய பிறகும் எழுந்திருக்காமல் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லடா." அவர் யோசிக்கவே இல்லை. "மயக்கம் வந்து, அப்படியே போயிட்டா. டாக்டரே சொன்னாரே. ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படலை."

"அது போதும்பா" என்றாள். "ராத்திரியெல்லாம் அதை நெனச்சுத்தான் தூங்கறேன்."

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் அவர் முடிவு செய்தார். நாளைக்கு, ரயிலுக்கு முன்னால். ஸ்பேனரிடமும் சொல்ல வேண்டும், சூப்பர்வைசரிடமும். உள்ளே இருபத்தொன்பது பேர் இருந்தார்கள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தானே அந்தப் பெட்டி இறங்கும்? அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் பாதிச் சரிவிலேயே நிற்கிறது. அவருக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சொன்னால் வேலை போகும், ஒருவேளை ஜெயில். மகள் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் நாலு இருபத்திரண்டு தினமும் வரும்.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மழை. மூன்று மணிக்கே விளக்குப் போடும்படி இருட்டிவிட்டது. மகள் குடையோடு படியில் இறங்கிப் போய்விட்டாள். ஸ்பேனரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஆபரேட்டர் மகளின் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். ஆறு மாதத்தில் அதில் அவருக்கு முதல் பயணம். மழைக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. உள்ளே, கதவுக்கு மேலே, எடை காட்டும் சின்னப் பலகை இருந்தது. அவர் அறுபத்திரண்டு, பெட்டி இருபத்திரண்டு. பலகை நூற்று இருபத்தைந்து என்றது.

"நானும் வந்துட்டேம்மா" என்றார் மெதுவாக. கதவு மூடியது.

கீழே இறங்க இறங்க, கூரையில் மழைச் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. கண்ணாடிக்கு வெளியே படிக்கட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப்போயின. சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைத் தாண்டும் தடக் தடக் என்ற ஓசையை அவர் எண்ணிக்கொண்டே வந்தார். தூக்கத்தில் கேட்டாலும் எந்த இடம் என்று சொல்லிவிடக்கூடிய ஓசை. பாதி வழி வந்தது. ஒரு உலுக்கல்.

நின்றது.

முதலில் வெப்பம் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு உச்சிவெயில் நாளின் புழுக்கம் கால் விரலிலிருந்து மேலே ஏறியது. பிறகு வாசனைகள். வியர்வை, தலை எண்ணெய், யாரோ வாயில் போட்டு மென்ற ஏலக்காய். அவர் பலகையைப் பார்த்தார். நூற்று இருபத்தைந்து. நூற்றுத் தொண்ணூறு. முந்நூற்றுப் பத்து. எண் ஓடியது. எழுநூறு. ஆயிரத்து இருநூறு. முதுகில் ஒரு தோள் பட்டது. திரும்பினார். யாரும் இல்லை. திரும்பிய பக்கத்தில் நெஞ்சின் மேல் ஒரு முழங்கை அழுந்தியது. கைகளை உயர்த்தப் பார்த்தார். உயர்த்த இடமில்லை. காலியான பெட்டியின் நடுவில், நாலாபுறமும் நெருக்க, அவர் நுனிக்காலில் நின்றார். ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரம். கத்தல் இல்லை. எதுவும் கத்தவில்லை.

பலகை ஒருமுறை அணைந்தது. மறுபடி எரிந்தது.

ஐந்நூற்றிருபது.

மூச்சு கேட்டது. இப்போது ஒலிபெருக்கியில் இல்லை. அவர் முழங்காலுக்குக் கீழே, கதவோரத்தில். துண்டு துண்டாக. நகம் கண்ணாடியில் தட்டியது. ஒன்று. இரண்டு. குனிய வேண்டும். ஒரு கையாவது நீட்ட வேண்டும். முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் குறுக்கே நின்றார்கள். அவளுக்கும் அவருக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை.

"இரும்மா" என்றார். "இதோ. இதோ சொல்லிடறேன்."

இன்டர்காம் கரகரத்தது. "அண்ணே? நின்னுடுச்சுண்ணே. பயப்படாதீங்க" என்றது ஸ்பேனர் குரல். "இங்க நம்பர் அணைஞ்சு கிடக்கு. உள்ள எவ்வளவு லோடு?"

அவர் வாயைத் திறந்தார்.

"சூப்பர்வைசர் சார் பக்கத்துலதான் இருக்கார். கீழேயும் லைன் போட்டிருக்கு, ஸ்டேஷன் ஸ்பீக்கர்ல உங்க குரல் கேக்கும். பாப்பா அங்க நிக்குதாம். சத்தமா சொல்லுங்கண்ணே. எவ்வளவு லோடு?"

மழை வழிகிற கண்ணாடிக்கு அப்பால், கீழே, விளக்கடியில், ஒரு குடை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது போதும்பா. அதை நெனச்சுத்தான் தூங்கறேன். முழங்காலுக்குக் கீழே மூச்சு நின்றது. காத்திருக்கிற மாதிரி நின்றது.

"நான் மட்டும்தான்" என்றார். "நான், ஒரு பெட்டி. வேற யாரும் இல்லை."

சட்டென்று நெருக்கம் விலகியது. முட்டுக்கொடுத்த சுவரை எடுத்த மாதிரி அவர் தள்ளாடி விழப்போனார். புழுக்கம் இல்லை. வாசனை இல்லை. பெட்டி மெல்ல அசைந்து, நல்ல பிள்ளை மாதிரி இறங்க ஆரம்பித்தது. பலகையைப் பார்த்தார். எண்பத்து நான்கு. அறுபத்திரண்டும் இருபத்திரண்டும். கூட்டல் சரியாக இருந்தது. நாற்பத்தொன்று எங்கும் இல்லை.

போய்விட்டாளா? பெட்டி அவளை விட்டுவிட்டதா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அன்றைக்குத் திரையில் அவள் தலை மறைந்தபோது வந்த அதே நிம்மதி வந்தது.

பிறகு மூச்சு ஆரம்பித்தது. அதே இடத்தில். எடை இல்லாமல்.

கீழ் நிலையத்தில் கதவு திறந்தது. எட்டு ஒன்பது பேர் நனைந்தபடி காத்திருந்தார்கள். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கவில்லை. கதவை அடுத்த கண்ணாடியின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள். "அது என்னது?"

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து சுருங்கி, புள்ளியாகி, மறைந்தது. பிறகு நடுவிலிருந்து விரிந்தது.

"மழைடா. ஈரம். வா, வண்டிக்கு நேரமாச்சு."

அவள் குந்தி உட்கார்ந்து வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம். குடை கையிலிருந்து நழுவியது. முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், அந்த விரற்கடை இடைவெளிக்கு நேராக. வெள்ளை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வேகமாக விரிந்தது, சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது, ஓடிவந்து எதையோ சொல்ல முயல்கிறவர்களுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடியிலிருந்து மழை கண்ணுக்குள் வழிய வழியப் பார்த்தாள்.

"கஷ்டப்படலைன்னு சொன்னீங்களேப்பா."

அவர் குனிந்து, நழுவிய குடையை எடுத்தார். ரயில் பிளாட்பாரத்துக்குள் வருகிற சத்தம் கேட்டது. "நகரும்மா, வழியில உக்காந்துக்கிட்டு" என்று யாரோ அவளைத் தாண்டி ஏறினார்கள். இன்னொருவர் ஏறினார். கூடைகள், சாக்குகள், நனைந்த குடைகள். ரயிலிலிருந்து இறங்கியவர்களும் ஓடிவந்து ஏறினார்கள். பெட்டி நிரம்பியது. கத்தவில்லை. இன்னும் ஏறினார்கள். அப்போதும் கத்தவில்லை. மகள் எழுந்து கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க, கீழே ஆள் இருக்கு" என்று அலறினாள். அவளை அவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். ஒருவர் அவள் விரல்களை மெதுவாகக் கதவிலிருந்து பிரித்துவிட்டார்.

கதவு மூடியது. மழைக்குள் பெட்டி மேலே ஏற ஆரம்பித்தது. உள்ளே கால்கள், கால்கள், நெருக்கியடித்து நிற்கிற கால்கள். பாதிச் சரிவில் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அது நின்றது. அந்தக் கால்களுக்கு நடுவே, கண்ணாடியின் அடியில், வெள்ளை விரிந்தது. சுருங்கியது.

விரிந்தது.